மெர்வின் போட்ட சத்தம்

மீனைப் புகையில் வாட்டும் புகைப்பெட்டியின் கம்பித் தட்டுகளை வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் நோலீன். சோடா மாவைக் கொட்டி, வெந்நீரை ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தும் கறுப்பு அவள் கைக்கு வந்ததே தவிர, தட்டைவிட்டுப் போன மாதிரி தெரியவில்லை. பழைய கறுப்பு அது. மூன்று கோடைகளாக அந்தத் தட்டில் ஒரு மீனும் படுக்கவில்லை. ஆனாலும் ஜனவரி பிறந்தால் அதைத் தேய்த்து வெயிலில் சாய்த்து வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் அவள் கணவர் மெர்வின் கேட்பார். ஒருதரம் கேட்டுவிட்டு விடுகிற ஆளாக இருந்தால் பரவாயில்லை.

"தட்ட வளைச்சிராத நோலீன். பெரிய மீனு படுக்கணும்," என்றார் மெர்வின், படியில் உட்கார்ந்தபடி.

"படுக்கும், படுக்கும்."

"கிளைவ் வந்துட்டானா?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை மெர்வ். கிளைவ் நாளைக்குக் காலையில வருவான்."

"சரி சரி." அவர் கொஞ்ச நேரம் தோட்டத்து வேலியைப் பார்த்தார். "கிளைவ் வந்துட்டானா?"

நோலீன் தட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மெர்வின் பிராட்லி முப்பது வருடம் நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச்சுக்கு வடக்கே ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவர். ஓடும் சங்கிலியில் கொக்கி மாட்டித் தொங்கி வரும் ஆட்டைத் தோலுரித்து அடுத்தவனுக்குத் தள்ளிவிடும் வேலை. சீசன் முடிந்து சங்கிலி நின்றால் வேலை கிடையாது; வேலை கிடையாது என்றால் வைமாக்கரிரி ஆறு. ஆற்றின் முகத்துவாரத்தில், கைராக்கியில்தான் அவர்கள் வீடும் இருந்தது. ரப்பர் கால்சட்டையை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு நடந்தே போய்விடுவார். பூகம்பத்துக்குப் பிறகு அந்தத் தெருவையே அரசாங்கம் வாங்கி இடித்துப் புல்லாக்கிவிட்டது. இப்போது கையபோயில் புது வீட்டு வரிசையில் ஒரே மாதிரி இருக்கும் வீடுகளில் ஒன்று. எந்த வீடு என்று மெர்வினுக்குத் தெரியாது. போன வருடம் இரண்டு முறை பக்கத்து வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்து டீ கேட்டிருக்கிறார். போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனுஷர்கள்.

நோலீனுக்கு அவர் மீது கோபம் இல்லை. கோபப்பட நேரம் இல்லை என்பதுதான் சரி. எழுந்ததிலிருந்து படுக்கும் வரை அவர் அவளைத் தேடிக்கொண்டே இருந்தார். துணி காயப்போடப் போனால் பின்னால் வருவார். குளியலறைக்குள் போனால் கதவைத் திறந்து, "நோலீன், உள்ளயா இருக்க?" என்பார். தாழ்ப்பாள் போட்டால் தட்டுவார். பதில் சொன்னாலும் தட்டுவார். பயத்தில் அழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதனால் தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டாள். பிரிஸ்பேனில் இருக்கும் மகள் போனில், "அம்மா, நல்ல முதியோர் இல்லமா பாக்கலாம்," என்று சொல்லும்போதெல்லாம், "கோடை முடியட்டும்," என்பாள். கோடையில் அவளுக்குக் காலைப்பொழுது இருந்தது.

திங்கள், புதன், வெள்ளி. மெர்வினின் மீன்பிடிக் கூட்டாளி கிளைவ் ஹாரோ தன் பிக்கப் வண்டியில் வந்து மெர்வினை ஆற்றுக்குக் கூட்டிப் போவார். மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்து விடுவார். அந்த நேரத்தில் அவள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் ஆறும்வரை தொட்டியில் கிடப்பாள். பிறகு பகலிலேயே படுத்துத் தூங்குவாள். அவ்வளவுதான். அந்த மூன்று காலைகளை ஊன்றித்தான் வாரத்தின் மற்ற நாட்களைத் தாண்டினாள்.

ஆற்றில் மெர்வினும் வேறு ஆளாக இருந்தார். தூண்டில் கம்பைக் கையில் கொடுத்தால் போதும். பெயர்கள் மறந்தாலும் விரல்களுக்கு முடிச்சு மறக்கவில்லை. நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் தோளோடு தோள் உரச ஆட்கள் நிற்பார்கள். தலைக்கு மேலே லாரிகள் ஓடும், நடு ஆற்றில் ஜெட் படகுகள் சீறிக்கொண்டு போகும், எதிர்க்கரையில் சரளைக்கல் அள்ளும் இயந்திரம் இரையும். அத்தனைக்கும் நடுவில், ஒரு சிமெண்டுக் கட்டைக்குப் பக்கத்தில், மெர்வினின் இடம். அவர் வர நேரமானாலும் அந்த இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள்.

அந்தக் கரைக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒருவனுக்கு சால்மன் மாட்டினால் "மீனு!" என்று கத்துவான். அவனுக்குக் கீழ்ப்பக்கம் நிற்கிற அத்தனை பேரும் அந்த நொடியே தங்கள் நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். மாட்டிய மீன் கடலைப் பார்த்து ஓடும். அதன் பின்னால் அவனும் கரையோரமாக நடந்து போக வேண்டும். ஆம்புலன்ஸுக்கு வழிவிடுகிற மாதிரி. சுற்றாவிட்டால் நூலோடு நூல் சிக்கும், மீன் அறுத்துக்கொண்டு போய்விடும். யார் கத்தினாலும் சுற்ற வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. ஒருதரம் சுற்றாமல் நின்றுவிட்ட ஒரு பல் வைத்தியரை இன்றுவரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சுத்தாதவன்" என்றுதான் பெயர். அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தக் கோடையில் மெர்வின் முதல்முறை கத்தியபோது எல்லோரும் சுற்றினார்கள். வந்தது வில்லோ மரக்கிளை. சிரித்தார்கள். இரண்டாம் முறை, நகரத்திலிருந்து யாரோ ஆற்றில் தள்ளிவிட்ட சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி. "மெர்வ், உள்ள உருளைக்கிழங்கு இருக்கா பாரு, சேத்து வறுத்துரலாம்," என்றான் அடுத்த இடத்தில் நிற்கிற ராவிரி. அதற்கும் சிரித்தார்கள். மூன்றாம் முறை ஒன்றுமே இல்லை. வெறும் நீரோட்டம் இழுத்தது. "மீனு! மீனு!" என்று மெர்வின் கத்த, அத்தனை பேரும் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து நின்ற அந்த நேரம் பார்த்து, ஒரு சின்னக் கூட்டம் சால்மன் முதுகைக் காட்டிக்கொண்டு கரையோரமாகவே மேலே போனது. தண்ணீரில் ஒரு தூண்டில்கூட இல்லை. மறுபடி வீசுவதற்குள் பாலத்தைத் தாண்டிவிட்டன.

பனி உருகி ஆறு கலங்கி, தெளிந்து, மறுபடி கலங்கி, ஆளுக்கு ஒரு பருவத்துக்கு இரண்டே மீன் என்ற கட்டுப்பாட்டில் ஒன்றைக்கூடக் காணாமல் நின்றவர்கள் அவர்கள். ஆனாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் வாய்விட்டுத் திட்டினால் பயமில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

அன்றைக்கு மெர்வினைக் கொண்டுவந்து விட்ட கிளைவ், வண்டியிலேயே இருந்து கையாட்டிவிட்டுப் போகாமல் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார்.

"டீ போடவா?" என்றாள் நோலீன்.

"போடு. சக்கர வேணாம்."

மெர்வின் முன்னறையில் டிவி முன் உட்காரும்வரை கிளைவ் காத்திருந்தார். "ஒண்ணு சொல்லணும் நோலீன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"வாயாலதான்."

"கரையில பேசிக்கிறாங்க."

"மெர்வ் வேணாம்ங்கிறாங்களா?"

"சே, அப்படிச் சொல்ற பய எவனும் அங்க இல்ல. ஆனா இனிமே அவன் கத்துனா சுத்துறதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. கத்திட்டுப் போறான், பாவம், நாம பாட்டுக்கு நிப்போம்ங்கிறாங்க." கிளைவ் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "எனக்கு அதுதான் பொறுக்கல. நிசமாவே ஒண்ணு மாட்டுச்சுன்னு வையி, என்ன ஆகும்? அதப் பாத்துட்டு நிக்க என்னால ஆகாது. அதுக்கு இப்பவே அவன வீட்டுல விட்டுர்றது நல்லது."

நோலீன் முதலில் நினைத்தது மெர்வினைப் பற்றி அல்ல. குளியலறைக் கதவைப் பற்றி.

"நான் வர்றேன்," என்றாள்.

"எங்க?"

"கரைக்குத்தான். பக்கத்துல நிக்கிறேன். அவன் கத்துனா, மீனா குப்பையான்னு நான் பாத்துச் சொல்றேன். நான் சொன்னா சுத்துங்க. இல்லன்னு தலைய ஆட்டுனா விட்ருங்க."

"உனக்குத் தெரியுமா அதெல்லாம்?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதுக கொடல உருவுறவ நான்."

"கொடலு தெரியும். கம்பு தெரியுமா?"

"கட்டன்னா சும்மா கனக்கும். மீனுன்னா தலைய ஆட்டும், கம்பு நுனி டக்கு டக்குன்னு அடிக்கும். இந்த மேசையில அவன் அதச் சொல்லாம என்னிக்காவது சாப்ட்ருக்கானா?"

கிளைவ் சிரித்துவிட்டார். "சரி. கேட்டுப் பாக்குறேன்."

அவள் கணக்கு வேறு. தானும் போனால் தன் காலைப்பொழுது போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாதா? கொஞ்ச நாளைக்குத்தான். ஒரே ஒரு மீன் போதும். ஒருதரம் மெர்வின் கத்தி, அது மீனாகவே இருந்து, அவர் அதைக் கரையேற்றிவிட்டால், அந்தக் கரை மறுபடி அவரை நம்பும். கிளைவ் அவரைத் தனியாகக் கூட்டிப் போவார். இவள் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் கோடை முடிவதற்கு முன்பே மகளுக்குப் போன் போட வேண்டியதுதான். முதியோர் இல்லத்தில் ஆறும் இல்லை, கம்பும் இல்லை. கதவுகள் எல்லாம் வெளியிலிருந்து பூட்டியிருக்கும்.

கரைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். நோலீன் மடக்கு நாற்காலி, பிளாஸ்க், முட்டை சாண்ட்விச்சோடு சிமெண்டுக் கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் நாளே மெர்வின் கத்தினார். அவள் கம்பு நுனியைப் பார்த்தாள், அசையவில்லை, தலையை ஆட்டினாள். யாரும் சுற்றவில்லை. மெர்வின் அதைக் கவனிக்கவும் இல்லை. தூண்டிலில் சிக்கிய நீர்க்கொடியை உதறிவிட்டு மறுபடி வீசினார்.

"அம்பயர் நாட் அவுட் குடுத்தாச்சு," என்றான் ராவிரி.

அன்றிலிருந்து அவள் பெயர் அம்பயர். மெர்வின் கத்துவார். "அம்பயர்?" என்பான் ராவிரி, ஆற்றைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அவள் தலையாட்டுவாள். கரை தன் வேலையைப் பார்க்கும். சில நாள் ஒரே காலையில் நாலைந்து தடவை. அவளுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காற்று மாறினால் நாற்காலியைத் தூக்கி மறைவில் வைத்தார்கள்.

"நீங்க வந்தப்பறம்தான் இங்க ஒழுங்கா மீன் பிடிக்க முடியுது," என்றான் ராவிரி ஒருநாள்.

"எத்தனை பிடிச்ச?"

"ஒண்ணும் இல்ல. ஆனா ஒழுங்கா ஒண்ணும் இல்ல."

பிப்ரவரி பாதியில் தெற்கிலிருந்து குளிர்காற்று அடித்து மலையில் உருகுவது நின்று, ஆறு தெளிந்தது. பால் கலந்த நீலம். அதுதான் சால்மன் வரும் நிறம் என்று சொல்லிக்கொண்டு விடிவதற்குள் கரை நிரம்பிவிட்டது. குளிரில் நோலீனுக்கு மூட்டு வலித்தது. முந்தின இரவு முழுக்க மெர்வின் அவளைத் தூங்கவிடவில்லை. காலையில் வரும் வழியில், இடித்த வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்லி, "புகைப்பெட்டி உள்ள இருக்கு, எடுக்கணும்," என்று பிடிவாதம் பிடித்தார். அது பழைய வீட்டில் இல்லை, புது வீட்டில் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

வந்த கொஞ்ச நேரத்தில் ஒருமுறை கத்தினார். தலையாட்டினாள். இன்னொருமுறை. தலையாட்டினாள்.

பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தபோது மூன்றாவது தடவை. இந்தத் தடவை அவர் கத்தக்கூட இல்லை. யாரிடமோ ரகசியம் சொல்கிற மாதிரி, "மீனு," என்றார்.

"அம்பயர்?"

டீ சிந்திவிடக் கூடாதே என்று மூடியைப் பார்த்தபடியே அவள் தலையை ஆட்டினாள். ஆட்ட வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. இத்தனை நாள் ஆட்டிப் பழகிய தலை, தானே ஆடியது.

பிறகுதான் நிமிர்ந்தாள். கம்பு வில்லாக வளைந்திருந்தது. அதன் நுனி தண்ணீரைப் பார்த்து டக், டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஆற்றுக்கடியில் அதுவும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"மீனு!" என்று அலறினாள் நோலீன். பிளாஸ்க் உருண்டது. "சுத்துங்க! ராவிரி, சுத்து! மீனு, நிசமா மீனு!"

ராவிரி சுற்றத் தொடங்குவதற்குள் மீன் கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. மெர்வினின் ரீல் கிறீச்சிட்டது. அவர் கரையோரமாக நடக்க ஆரம்பித்தார். அந்த நடையைப் பார்க்க வேண்டுமே! முதுகு நிமிர்ந்து, கம்பைத் தலைக்கு மேல் உயர்த்தி, கல்லுக்குக் கல் கால் தப்பாமல், கைராக்கியில் வீட்டிலிருந்து கிளம்பிப் போகிற பழைய மெர்வின். முன்னால் பார்க்கவேயில்லை அவர். வழிவிட்டிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் காலத்தில் யாரும் வழிவிடாமல் இருந்ததில்லை.

ராவிரியின் நூல் சிக்கியது. அடுத்தவனுடையது. அதற்கடுத்து கிளைவினுடையது. வரிசையாகக் கம்புகள் ஒன்றையொன்று பார்த்து வளைந்தன. "விடு! அறுத்துவிடு!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாவற்றுக்கும் அப்பால், நடு ஆற்றில், ஒரு கை நீளத்துக்கு வெள்ளி ஒன்று தண்ணீரைவிட்டு எழும்பிப் பக்கவாட்டில் விழுந்தது. கரையில் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அப்புறம் நூல் அறுந்த சத்தம். சின்னச் சத்தம்தான். சட்டைப் பொத்தான் தெறித்த மாதிரி.

மெர்வின் கம்பைத் தாழ்த்தினார். காற்றில் அலைந்த நூலைப் பார்த்தார். பிறகு முதல்முறையாகத் தன் முன்னால் நின்றவர்களைப் பார்த்தார், ஒவ்வொருவர் நூலும் இன்னும் தண்ணீருக்குள் இருந்ததைப் பார்த்தார்.

"சுத்தலியே," என்றார். கோபம் இல்லை. புரியாத குரல். "கிளைவ், ஏம்ப்பா யாரும் சுத்தல?"

கிளைவ் கத்தியை எடுத்துச் சிக்கலை அறுக்கக் குனிந்துகொண்டார். ராவிரி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"எங்க தப்பு மெர்வ்," என்றான். "நல்ல மீனு அது. எங்க தப்பு."

யாரும் நோலீனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. இரண்டு பேர் வந்து அவள் நாற்காலியை மடக்கினார்கள். இன்னொருவர் உருண்டு கிடந்த பிளாஸ்க்கை எடுத்து, உள்ளே கண்ணாடி நொறுங்கியிருக்கிறதா என்று காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, அவள் பையில் வைத்தார்.

வீட்டு வாசலில் கிளைவ் மீன்பிடிச் சாமான்களை இறக்கிவைத்தார். மெர்வின் உள்ளே போகும்வரை நின்றார்.

"இந்தப் பருவத்துக்குப் போதும்னு நெனைக்கிறேன் நோலீன்."

"இப்பத்தான் அது மீனுன்னு எல்லாரும் பாத்தாங்களே? இனிமே நம்புவாங்கல்ல? நான் வரல. நீ மட்டும் கூட்டிட்டுப் போ. அவன் கத்துனா சுத்துவாங்க."

"சுத்துவாங்க. நாள் பூரா சுத்துவாங்க." கிளைவ் வண்டிச் சாவியைக் கையில் புரட்டினார். "அதுதான் பிரச்சன. அவன் மொகத்தப் பாத்துக்கிட்டு இனி ஒருத்தனும் அங்க நிம்மதியா நிக்க முடியாது. பாதிப் பேரு இப்பவே வேற எடத்துக்குப் போறேன்னு சொல்லிட்டான். எனக்கும்... நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பாங்க."

வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்றாள்.

மதியம் மெர்வின் நன்றாகச் சாப்பிட்டார். அப்புறம் அவரைக் காணவில்லை. அவளைத் தேடி அவர் வராதது அதிசயமாக இருந்தது. உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்த நோலீனுக்கு ஜன்னல் வழியாகப் புகை வாசனை வந்தது. மானுகா மரத்தூள் வாசனை. எட்டிப் பார்த்தாள். புகைப்பெட்டியை மூட்டியிருந்தார். அவள் தேய்த்து வைத்த தட்டுகள் வெறுமனே உள்ளே அடுக்கியிருந்தன. பெட்டியின் இடுக்குகளிலிருந்து புகை ஒழுங்காக, சீராக, எப்போதும் வருவது போலவே வந்துகொண்டிருந்தது.

பின்கதவு திறந்தது.

"மீன எங்க வச்ச?" என்றார் மெர்வின்.

"மீன் இல்ல மெர்வ். அறுத்துக்கிட்டுப் போயிருச்சு."

அவர் யோசித்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவருக்கு எல்லாம் நழுவிவிடும். கிளைவ் வந்தானா என்று கேட்பார். அதற்காகக் காத்திருந்தாள். கிளைவ் நாளைக்கு வருவான் என்று பொய் சொல்லத் தயாராகவும் இருந்தாள்.

"நான் கத்துனேன்ல?" என்றார்.

"கத்துன."

"மீனுன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"நீ பக்கத்துலதான இருந்த?" அவர் அவளுடைய கையைப் பார்த்தார், கத்தியையும் பாதி சீவிய கிழங்கையும் பார்த்தார். "அப்பறம் ஏன் சுத்தல?"

கிழங்கின் தோல் கத்தியிலிருந்து நீளமாகத் தொங்கியது. அவள் அதை அறுக்கவும் இல்லை, மேற்கொண்டு சீவவும் இல்லை.

மெர்வின் நின்று பார்த்தார். பிறகு அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தவரைப் போல மெல்லத் திரும்பி வெளியே போனார். போகும்போது, எத்தனையோ நாளாக அவர் செய்யாத காரியமாக, கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டு போனார்.